குடவோலைச் சிறுவனும் அடையாள அணிவகுப்பும்: சிறார் சாட்சியம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

குற்றம் ஒன்றைக் கண்ணால் கண்டவர் சிறுவராக இருப்பின் அவர் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினா மிகப் பழமையானது. அவ்வினாவின் ஒரு கூறே இக்கட்டுரையின் பொருளாக அமைகின்றது. காவல்துறையினர் ஐயத்திற்குரிய ஒருவரை, அவரை ஒத்த தோற்றமுடைய பிறரோடு வரிசையில் நிறுத்தி, கண்டவரை அழைத்து அடையாளம் காட்டச் செய்வது அடையாள அணிவகுப்பு எனப்படும். அவ்வரிசையின் முன் நிற்பவர் எட்டு வயதுக் குழந்தையாயின் நிகழ்வது என்ன? அதன் விரல் சுட்டுவதைச் சான்றாகக் கொள்ளலாமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் கீழ்நிலை நீதிமன்றங்களோடு உயர்நீதிமன்றமும் இயங்கி வருகிறது. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குழந்தை ஒன்று குற்றமொன்றைக் காண நேரிட்டால், அது முதலில் வீட்டில் தமிழில் வினவப்படும். பின்னர்க் காவல் நிலையத்தில் மலாய்மொழியில் வினவப்படும். அதன்பின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாக வினவப்படும். இத்தனை பெரியவர்களின் இத்தனை வினாக்களுக்கும் இடையில் அக்குழந்தை உண்மையில் கண்டது எது என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. அதில் நேரும் பிழையின் விலை பெரிது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரையில் கொலைக்குற்றத்திற்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் அவ்விலையின் அளவு விளங்கும்.

இது குறித்த சட்டம் கடந்து வந்த பாதையை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகின்றது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டம் குழந்தையின் தகுதியையே சோதித்து வந்துள்ளது. குழந்தையிடம் கேட்கப்படும் வினாவின் தகுதியைச் சோதிப்பதில் அது அத்துணை அக்கறை காட்டவில்லை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

2. பழைய மரபில் சிறார்

வடமொழித் தரும சாத்திர மரபில் சிறாரின் சான்று ஐயத்தோடே நோக்கப்பட்டது. மனுநூலின் எட்டாம் இயல், சாட்சியாக்கத் தகாதவர் வரிசையில் சிறுவரையும் வைக்கின்றது. எனினும் வேறு சாட்சி கிடைக்காதவிடத்துச் சிறுவர் சொல்லையும் கேட்கலாம் என்று விலக்களிக்கும் அந்நூல், அத்தகையோர் சொல் நிலையற்றது என நீதி வழங்குவோர் கருதவேண்டும் என்றும் எச்சரிக்கின்றது. முற்றாக ஒதுக்குவதும், தேவை நேர்ந்தால் ஏற்பதும், ஏற்றபின் ஐயுறுவதும் ஆகிய இம்மூன்று நிலைகளையும் பிற்கால ஆங்கிலச் சட்டத்திலும் காண்கிறோம் என்பது நோக்கத்தக்கது.

தமிழகத்துச் சான்று ஒன்று முற்றிலும் வேறொரு கோணத்தை நமக்கு அளிக்கின்றது. முதலாம் பராந்தக சோழனின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை வழித் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையார் யாவரும் கூடியிருக்க, மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்வர். அவன் எடுத்த ஓலையை மத்தியத்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, அவை கேட்கப் படிப்பான்.

இங்குச் சிறுவன் வேண்டப்பட்டது ஏன்? அவனுக்கு எதுவும் தெரியாது என்பதனாலேயே அவன் வேண்டப்பட்டான். எந்தப் பெயரின் மீதும் அவனுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. அவன் கைக்கு எட்டியது எதுவோ அதுவே முடிவு. அறியாமையே அங்குத் தகுதியாயிற்று. மேலும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் ஓலையை அவன் எடுத்தே ஆகவேண்டும்; ‘இக்குடத்தில் எடுக்கத்தக்க ஓலை இல்லை’ என்று அவன் சொல்ல இடமில்லை.

அடையாள அணிவகுப்பின் முன் நிற்கும் சிறுவனும் பலருள் ஒருவரைத் தேர்ந்து எடுக்கின்றான். புறத்தோற்றத்தில் இரண்டு செயலும் ஒன்றே. ஆனால் இங்கே அறியாது எடுப்பின் அது கேடாய் முடியும். எடுக்கத்தக்கவர் வரிசையில் இல்லையெனின் ‘இல்லை’ என்று அவன் சொல்லியாக வேண்டும். குடவோலைச் சிறுவனுக்கும் அணிவகுப்புச் சிறுவனுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு சட்டத்தின் வரலாற்றைக் காண்போம்.

3. சட்டம் மூவாருக்கு வந்த வழி

இங்கிலாந்தில் 1779ஆம் ஆண்டில் பிரேசியர் வழக்கு என்னும் வழக்கில் நீதிபதிகள் பன்னிருவரும் கூடி, சிறார் சாட்சிக்குக் குறிப்பிட்ட வயது வரம்பு ஏதும் இல்லை என்றும், ஆணையின் தன்மையை அக்குழந்தை உணர்ந்துள்ளதா என்பதே அளவுகோல் என்றும் முடிவு செய்தனர். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையும் அவ்வுணர்வு உடையதாயின் ஆணையிட்டுச் சான்று கூறலாம். ஆணையின்றிக் கூறுவது ஏற்கப்படாது. கடவுளுக்கு அஞ்சிப் பொய் சொல்லாதிருத்தல் என்பதே அன்று நம்பகத்தன்மையின் அடிப்படையாகக் கருதப்பட்டது.

ஜேம்ஸ் ஃபிட்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் இந்த அளவுகோலை மாற்றியது. அதன் 118ஆம் பிரிவு, இளவயதாலோ முதுமையாலோ நோயாலோ வினாவை விளங்கிக்கொள்ளவும் அதற்கு அறிவார்ந்த விடை கூறவும் இயலாதவர் என்று நீதிமன்றம் கருதினாலன்றி, எவரும் சாட்சியாகத் தகுதியுடையவரே என்றது. சமய உணர்விலிருந்து அறிவுத்திறனுக்கு அளவுகோல் நகர்ந்தது. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருவர் இன்னார் என்று நிறுவும் செய்திகளைப் பொருத்தமுடைய சான்றுகளாக ஏற்றது. அடையாள அணிவகுப்பு நீதிமன்றத்துள் நுழைந்தது இவ்வாயில் வழியாகவே ஆகும்.

கல்கத்தாவில் உருவான இச்சட்டம் 1893இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1895இல் இலங்கைக்கும் பெரிதும் அதே வடிவில் சென்றது. ஜொகூர் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் சேராதது. 1914இல்தான் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை முழு அதிகாரத்தோடு ஏற்றது. ஆகவே கோலாலம்பூரில் இயற்றப்பட்ட சட்டங்கள் தாமாகவே ஜொகூரைக் கட்டுப்படுத்தவில்லை. மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் பொதுவான சாட்சியச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டபோதுதான் பினாங்கிற்கும் மூவாருக்கும் ஒரே விதி என்ற நிலை ஏற்பட்டது. அச்சட்டத்திலும் 9, 118 ஆகிய பிரிவுகள் ஸ்டீபன் இட்ட எண்களோடே நிலைத்தன. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சென்னை மாகாணத்தில் அவர்தம் உறவினர் பிள்ளைகளுக்கும் சான்றுரைப்பதில் ஏறக்குறைய ஒரே விதிதான் இருந்தது எனலாம்.

4. நீதிமன்றங்கள் எழுப்பிய வினா

பிரிவு ஒன்றாயினும் அதனைக் கையாண்ட நீதிமன்றங்கள் தயக்கத்துடனேயே நடந்துகொண்டன. பிரிட்டிஷ் சோமாலிலாந்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், இந்தியச் சாட்சியச் சட்டம் வழங்கிய இடத்தில் ஆணையிடாத சிறார் சான்றும் ஏற்கத்தக்கதே எனவும், துணைச்சான்று தேடுவது சட்டக் கட்டாயமன்று, விவேகத்தின் பாற்பட்டது எனவும் பிரிவி கவுன்சில் கூறியது. இந்திய உச்சநீதிமன்றம் 1951 டிசம்பரில் ராமேஸ்வர் வழக்கில் இதே நெறியைப் பின்பற்றியது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் சான்று அதில் ஆராயப்பட்டது. துணைச்சான்றின் தேவை நீதிபதியின் உள்ளத்தில் நின்று நினைவூட்ட வேண்டிய ஒன்று என்பது நீதிபதி விவியன் போஸ் அவர்களின் விளக்கம்.

மலாயாவில் 1960இல் சாவ் சோங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிய காரணம் பின்னர்ப் பலமுறை எடுத்தாளப்பட்டது. சிறுவர் நனவையும் கற்பனையையும் வேறு பிரிக்க இடர்ப்படுகின்றனர்; காலம் செல்லச் செல்லத் தாம் கண்டதையும் தாமே எண்ணிக்கொண்டதையும் பிரித்தறிவது அவர்களுக்குக் கடினமாகின்றது என்பதே அக்காரணத்தின் சாரம். எனவே ஆணையிட்டுக் கூறப்பட்ட சிறார் சான்றையும் எச்சரிக்கையோடு அணுகுமாறு நடுவர்குழுவுக்கு அறிவுறுத்த வேண்டும் என்றாயிற்று. 1995இல் மலேசியாவில் நடுவர்குழு முறை ஒழிக்கப்பட்டபின் அவ்வெச்சரிக்கையை நீதிபதி தமக்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1989இல் சாட்சியச் சட்டத்தில் 133ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஆணையின் தன்மையை உணராத இளஞ்சிறார், போதிய அறிவும் உண்மை பேசும் கடமையுணர்வும் உடையவராயின் ஆணையின்றியே சான்று கூறலாம். ஆனால் அச்சான்று அரசுத்தரப்பினதாயின், துணைச்சான்று இல்லாமல் எவரையும் குற்றவாளியாக்க முடியாது என்று அது வகுத்தது. இது இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. இங்கிலாந்தோ அத்துணைச்சான்றுக் கட்டாயத்தை 1988இல் நீக்கியிருந்தது. ஒரு நாடு கைவிட்டதை மறு ஆண்டே மற்றொரு நாடு கைக்கொண்டது, சிறார் சான்றைக் குறித்து அன்று நிலவிய தடுமாற்றத்தையே காட்டுகின்றது.

அதன்பின் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டம் திரைத்தடுப்பு, நேரடி ஒளிபரப்பு இணைப்பு, காணொளிப் பதிவு, வினாவை எளிமையாக்கித் தரும் இடையாளர் ஆகிய வசதிகளை அறிமுகப்படுத்தியது. 2017ஆம் ஆண்டுச் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டமோ, அக்குற்றங்களைப் பொறுத்தவரையில், சிறாரைத் தகுதியுடைய சாட்சி என்றே தொடக்கத்தில் கொள்ளவேண்டும் என்றது. துணைச்சான்று இல்லாமலும் அவர் சொல்லின்பேரில் தண்டிக்க வழிசெய்தது. நெடுங்காலம் வாயடைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்கு இவை நீதியின் கதவைத் திறந்தன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை ஈண்டுக் கருதவேண்டும். இவ்வழக்குகளும் சட்டங்களும் பெரும்பாலும் கருத்திற் கொண்டவை, குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவராக உள்ள நிலைமைகளையே. உறவினர், அண்டை வீட்டார், அறிந்த ஆசிரியர் என்றிருக்கும்போது ‘அது நடந்ததா?’ என்பதே வழக்கின் வினா. குழந்தை பொய் சொல்கிறதா, கற்பனை செய்கிறதா என்னும் சோதனைகள் அவ்வினாவுக்குப் பொருந்தும். முன்பின் அறியாத ஒருவர் குற்றம் புரிந்தவிடத்து வினா வேறாகிறது. ‘அது நடந்ததா?’ என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ‘செய்தவர் யார்?’ என்பதே வினா. குழந்தை பொய் சொல்லவில்லை; கற்பனையும் செய்யவில்லை; உண்மை பேசும் கடமையையும் நன்கு உணர்ந்துள்ளது. அவ்வளவும் இருந்தும் தவறான ஒருவரை அது சுட்டிக்காட்டிவிடக் கூடும். தகுதிச் சோதனைகள் எவற்றிலும் இப்பிழை சிக்குவதில்லை.

5. அணிவகுப்பின் தனி இயல்பு

நேர்மையான சாட்சியும் ஆள் மாறிக் காட்டுவார் என்பதை உலகுக்கு உணர்த்தியது அடோல்ஃப் பெக்கின் வாழ்க்கை. லண்டனில் பெண்களை ஏமாற்றி நகை பறித்தவர் இவரே என்று பல பெண்கள் உறுதியாக அடையாளம் காட்டியதால் அவர் 1896இல் தண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1904இல் மீண்டும் அவ்வாறே தண்டிக்கத்தக்கவர் எனத் தீர்க்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி அவ்வாண்டிலேயே பிடிபட்ட பின்னர்தான் விடுதலை கிடைத்தது. சாட்சிகள் யாவரும் வளர்ந்தோர், பகைமையற்றோர், நேர்மையானோர். இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைவதற்கு இவ்வழக்கு ஒரு காரணமாயிற்று. 1976இல் வெளியான டெவ்லின் பிரபுவின் அறிக்கையும் அதே ஆண்டில் வழங்கப்பட்ட டர்ன்புல் தீர்ப்பும், எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவில், எத்தகைய வெளிச்சத்தில் சாட்சி கண்டார் என்பவற்றை ஆராயாமல் அடையாளச் சான்றை ஏற்றல் கூடாது என்றன. மலேசிய நீதிமன்றங்களும் டர்ன்புல் நெறிகளைப் பின்பற்றி வருகின்றன.

டர்ன்புல் நெறிகள் குற்றம் நடந்த வேளையில் சாட்சியின் கண் எவ்வாறு இருந்தது என்பதையே பெரிதும் ஆராய்கின்றன. அணிவகுப்பு நடக்கும் வேளையில் சாட்சியின் மனம் எவ்வாறு இயங்குகின்றது என்பது வேறொரு செய்தி. அமெரிக்க உளவியலறிஞர் கேரி வெல்ஸ் இதனை விளக்கினார். வரிசையைக் காணும் சாட்சி தம் நினைவிலுள்ள முகத்தோடு ஒவ்வொருவரையும் ஒப்பிடுவதற்கு மாறாக, வரிசையில் உள்ளோரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, நினைவுக்கு மிக நெருங்கியவரைத் தேர்கின்றார். 1993இல் வெளியான அவரது சோதனையில், குற்றவாளியாக நடித்தவரை வரிசையிலிருந்து நீக்கிவிட்டபோது, சாட்சிகளில் பலர் ‘இல்லை’ என்று கூறாமல் எஞ்சியோருள் வேறொருவரைச் சுட்டினர். குடத்தில் ஓலை உள்ளவரை ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்னும் மனநிலை இதுவே.

6. ஆய்வுகள் காட்டுவன

சிறாரின் சான்று பற்றிய அறிவியல் ஆய்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றியது. பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்னும் இதன் முன்னோடிகள். நம் பொருளுக்கு மிக நெருங்கியது பெல்ஜியத்தில் வாரெண்டோங்க் 1911இல் வெளியிட்ட ஆய்வாகும். சிறுமி ஒருத்தியின் கொலை வழக்கில் அவளுடைய விளையாட்டுத் தோழியர் கூறிய சான்றைச் சோதிக்க அவர் பள்ளிக் குழந்தைகளிடம் சில வினாக்களை எழுப்பினார். அவர்கள் நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் தாடி என்ன நிறம் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாசிரியருக்குத் தாடியே கிடையாது. ஏழு வயது வகுப்பில் 18 பேருள் 16 பேர் நிறம் கூறினர். எட்டு வயது வகுப்பில் 20 பேருள் 19 பேர் நிறம் கூறினர். தாடி இல்லை என்றவர் ஒரே ஒருவர்.

இதிலிருந்து வாரெண்டோங்க் பெற்ற முடிவு, நீதிமன்றங்கள் குழந்தைகளின் சொல்லைக் கேட்பதையே நிறுத்தவேண்டும் என்பது. அம்முடிவு மிகையானது. அக்குழந்தைகளின் நினைவு பழுதுபட்டிருக்கவில்லை. அவ்வாசிரியரை அவர்கள் தெளிவாக அறிவர். பழுது வினாவில் இருந்தது. ‘தாடி என்ன நிறம்?’ என்னும் வினா தாடி உண்டு என்பதைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் அவ்வாறு கேட்கும்போது அதனை மறுப்பதற்குக் குழந்தைக்குத் துணிவு வேண்டும். ஹியூஸ், கிரீவ் என்னும் இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ‘பால் தண்ணீரைவிடப் பெரியதா?’ என்பது போன்ற பொருளற்ற வினாக்களுக்கும் ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகள் சலிக்காமல் விடை தந்தனர். பெரியவர் கேட்டால் அதற்கு ஒரு விடை இருந்தே ஆகவேண்டும் என்பது குழந்தை உலகின் எழுதாச் சட்டம்.

அணிவகுப்பைப் பொறுத்தவரையில் 1998இல் பொசூலோ, லிண்ட்சே ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பீடு திருப்புமுனையாக அமைந்தது. குற்றவாளி வரிசையில் இருக்கும்போது, ஐந்து வயதைக் கடந்த குழந்தைகள் ஏறத்தாழ வளர்ந்தோர் அளவுக்கே சரியாக அடையாளம் காட்டுகின்றனர். குற்றவாளி வரிசையில் இல்லாதபோதோ அவர்கள் வளர்ந்தோரைவிட மிகுதியாகத் தவறிழைக்கின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. குழந்தையின் கண்ணும் நினைவும் குறைபட்டவை அல்ல என்பதும், ‘இல்லை’ என்று கூறுவதில்தான் அது தடுமாறுகின்றது என்பதும் இதனால் புலனாகின்றன.

2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்தில் காலில் குண்டடிபட்ட சிறுமி ஒருத்தி, 2009 ஜூனில் தன் பத்தாம் வயதில் ஊன்றுகோலுடன் தனி நீதிமன்றத்திற்கு வந்து, சுட்டவன் இவனே என்று அஜ்மல் கசாப்பை அடையாளம் காட்டியதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒளிப்படங்கள், காணொளிப் பதிவுகள், பிற சாட்சிகளின் கூற்றுகள் ஆகியவை அவனுக்கு எதிராக வலுவாக நின்றன. கண்டதைக் குழந்தை மறப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் அது உண்மையாளன் எதிரில் நின்ற நிலைமை. எதிரில் நிற்பவன் உண்மையாளனா என்பதே தெரியாத நிலைமைக்கு இவ்வெடுத்துக்காட்டு வழிகாட்டாது.

அந்நிலைமைக்கு நியூசிலாந்து ஆய்வாளர்கள் சசாக், கராஜார்ஜ் இருவரும் 2009இல் ஓர் எளிய வழி கண்டனர். எட்டு முதல் பதினோரு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டிய படவரிசையில், முகம் தெரியாத நிழலுருப் படம் ஒன்றையும் சேர்த்தனர். கண்ட ஆள் வரிசையில் இல்லையெனின் அப்படத்தைச் சுட்டலாம் என்றனர். தவறான அடையாளங்கள் குறைந்தன. குற்றவாளி இருந்த வரிசையில் சரியான அடையாளங்கள் குறையவில்லை. ‘இல்லை’ என்று பெரியவரிடம் வாய் திறந்து மறுக்க இயலாத குழந்தை, இல்லை என்பதையும் விரலால் சுட்டிக்காட்ட முடிந்தபோது தடுமாறவில்லை.

7. அறிவினாவும் அறியாவினாவும்

மேற்கண்ட ஆய்வுகளின் உட்பொருளைத் தமிழாசிரியர்கள் தம் இலக்கண அறிவு கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை அறுவகையாகப் பகுக்கின்றது. அவற்றுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும் கேட்கப்படுபவர் அறிவாரா எனச் சோதிக்க ஆசிரியர் மாணவரிடம் வினவுவது இது. இரண்டாவது அறியாவினா. தான் அறியாததை அறிந்துகொள்ள வினவுவது இது.

பள்ளிக் குழந்தை பெரியவரிடமிருந்து நாள்தோறும் கேட்பது பெரும்பாலும் அறிவினாவே. பல்தெரிவு வினாத்தாளில் நான்கு விடைகளுள் ஒன்று கட்டாயம் சரியானது. தெரியாவிட்டாலும் ஏதேனும் ஒன்றைக் குறித்துவைப்பது நல்லது என்று நாமே கற்பிக்கின்றோம். அதே வினாவை ஆசிரியர் மீண்டும் கேட்டால் முதலில் சொன்ன விடை தவறு என்று பொருள். சரியாகச் சொன்னால் பாராட்டு உண்டு.

இப்பயிற்சியோடு அக்குழந்தை அணிவகுப்பின் முன் சென்று நிற்கின்றது. ‘இவர்களுள் யார்?’ என்று அதிகாரி கேட்கிறார். அவருக்கு அது அறியாவினாவாக இருக்கவேண்டும். குழந்தைக்கோ அது அறிவினாவாகவே படுகின்றது. விடை இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா என்று சோதிக்கிறார் என அது எண்ணுகின்றது. வரிசையில் ஐயத்திற்குரியவர் எவர் என்பதை அவ்வதிகாரி உண்மையிலேயே அறிந்திருந்தால் குழந்தையின் எண்ணம் சரியாகவும் ஆகிவிடுகின்றது. பார்வையாலோ தயக்கத்தாலோ ‘நன்றாகப் பார்’ என்னும் ஒரு சொல்லாலோ அவர் தம்மையறியாமலே விடையைக் கசியவிடக்கூடும். அணிவகுப்பை நடத்துபவர் ஐயத்திற்குரியவர் இன்னார் என அறியாதவராக இருத்தல் வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் வற்புறுத்துவதன் பொருள், அவ்வினா மெய்யாகவே அறியாவினாவாக அமைதல் வேண்டும் என்பதே.

நன்னூல் விடையையும் எட்டாகப் பகுக்கின்றது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ‘இவர்களுள் யார்?’ என்னும் வினா சுட்டு விடையை மட்டுமே அழைக்கின்றது. மறை விடைக்கு அதில் இடமில்லை. ‘நீ கண்ட ஆள் இவர்களுள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருக்கிறாரா, இல்லையா?’ என்று கேட்டால் இரண்டுக்கும் இடம் பிறக்கின்றது. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின் கீழமைந்த நடைமுறை விதிகள், ஐயத்திற்குரியவரோடு குறைந்தது எண்மரை நிறுத்தவேண்டும் என்பதோடு, கண்ட ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சிக்கு முன்கூட்டியே கூறவேண்டும் என்றும் விதித்துள்ளன. இவ்வொரு தொடர் மொழிபெயர்ப்பில் நழுவிவிட்டால் பாதுகாப்பு முழுவதும் நழுவிவிடும். காவல் நிலையத்தில் மலாய்மொழியில் கூறப்பட்டதைக் குழந்தைக்கு யாரேனும் தமிழில் சுருக்கி, ‘யாருன்னு காட்டு’ என்று சொல்லிவிட்டால், அறியாவினா அந்நொடியிலேயே ஏவலாகிவிடுகின்றது.

சுட்டிய பின் கூறப்படும் பாராட்டும் கேடு விளைவிப்பதே. வெல்ஸ், பிராட்ஃபீல்டு இருவரும் 1998இல் காட்டியவாறு, ‘சரியான ஆளைக் காட்டினீர்’ என்ற ஒரு சொல், தவறாகக் காட்டிய சாட்சியின் உறுதியையும் உயர்த்திவிடுகின்றது; தாம் தெளிவாகக் கண்டதாகவே பின்னர் அவர் நினைவுகூர்கின்றார். நீதிமன்றத்தில் குழந்தை தடுமாறாமல் விடையளிப்பதைக் கண்டு நாம் வியக்கும்போது, அவ்வுறுதி கண்டதால் வந்ததா, பாராட்டால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமற் போகின்றது. சிறாரைப் பாதுகாக்க 2007இல் வந்த வசதிகள் பெரும்பாலும் சாட்சியம் அளிக்கும் வேளையைச் சார்ந்தவை. அணிவகுப்போ அதற்கு வெகு முன்னரே நடந்து முடிந்துவிடுகின்றது. அங்கே உருவான பிழையைத் திரைத்தடுப்பும் காணொளி இணைப்பும் திருத்த இயலாது.

8. முடிவுரை

சிறார் சாட்சியத்தின் வரலாறு இரு எல்லைகளுக்கு இடையில் ஊசலாடி வந்துள்ளதைக் கண்டோம். குழந்தை சொல் நிலையற்றது என ஒதுக்கியது ஒரு காலம். ஆணையையும் அறிவுத்திறனையும் துணைச்சான்றையும் அளவுகோலாக்கியது ஒரு காலம். அதன் சொல்லைத் தனித்தே ஏற்க முன்வந்தது ஒரு காலம். இம்மூன்றுமே குழந்தை நம்பத்தக்கதா என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தன. அடையாள அணிவகுப்பில் அவ்வினா போதாது. குழந்தையின் கண் நம்பத்தக்கதாக இருப்பினும் பெரியவரின் வினா நம்பத்தக்கதாக இல்லையெனின் விளைவது பிழையே.

ஆகவே சிறார் பங்கேற்கும் அணிவகுப்பில், நடத்துபவர் விடை அறியாதவராக இருத்தல், ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்பதைக் குழந்தையின் தாய்மொழியிலேயே அதற்கு விளங்குமாறு கூறுதல், ‘இல்லை’ என்பதைச் சுட்டிக்காட்டவும் ஒரு வழி அமைத்தல், வினாவையும் விடையையும் முழுமையாகப் பதிவு செய்தல் ஆகியவை பின்பற்றத்தக்கன. இவற்றுள் எதற்கும் பெரும்பொருட்செலவு வேண்டியதில்லை. இவை சிறாரின் சான்றை வலுவிழக்கச் செய்வனவும் அல்ல. குறுக்கு விசாரணையில் அச்சான்று சிதையாமல் காப்பன. தான் சுட்டிய ஒருவர் குற்றமற்றவர் என்று வளர்ந்தபின் அறிய நேரும் துயரிலிருந்தும் அக்குழந்தையைக் காப்பன.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. ‘தெரியவில்லை’, ‘இவற்றுள் எதுவும் இல்லை’ என்னும் விடைகளும் சில வேளைகளில் சரியான விடைகளே என்பதை வகுப்பறையில் பயின்ற குழந்தை, காவல் நிலையத்திலும் அதனைச் சொல்லத் துணியும். உத்திரமேரூர்ச் சபையார் சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தபோது அவனிடம் எதிர்பார்த்தது அறியாமையை. அதே வயதுக் குழந்தையை அணிவகுப்பின் முன் நிறுத்தும் நாம் எதிர்பார்ப்பது அறிவை. அவ்வறிவு இல்லாதவிடத்து இல்லை என்று சொல்லும் உரிமையையும் அதற்கு அளிக்காவிடில், நீதிமன்றம் சான்றெனக் கைக்கொள்வது குடத்திலிருந்து எடுத்த ஓலையாகவே இருக்கும்.